அடக்கிய மூச்சும் விடுத்த மூச்சும்

கடலுக்குள் இறங்கக் கற்க வருவோர்க்கு இக்காலத்தில் முதன்முதலாகச் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. “நீருக்குள் இருக்கும் வரையில் மூச்சை அடக்காதீர்கள்; இழுப்பதும் விடுவதுமாகவே இருங்கள்” என்பது அது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் வழிவழியாகக் கற்று வந்த விதியோ இதற்கு நேர்மாறானது. மூச்சை அடக்க வல்லவனே அங்குக் கடலில் இறங்கலாம். அது கைவராதவன் படகில் நின்று கயிறு பிடிக்க வேண்டியதுதான். கடலும் ஒன்று, மனித உடலும் ஒன்று. அவ்வாறாயின் விதிகள் இரண்டும் எதிரெதிராக நிற்பது ஏன்? இந்த வினாவைப் பின்பற்றிச் சென்றால் நீர்மூழ்கும் கலையின் வரலாறு முழுவதையும் நாம் ஒருமுறை சுற்றி வந்துவிடலாம்.

வினா எழுந்த இடம் அந்தமான். தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாங்கள் நால்வரும், அரசு ஊழியர்க்குரிய விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, சென்ற குளிர்காலத்தில் அத்தீவுகளுக்குச் சென்றிருந்தோம். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரிலிருந்து, 2018-ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு என்று வழங்கும் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பலில் சென்றோம். அங்கே கடற்கரையை ஒட்டி, ‘ஸ்கூபா’ என்னும் மூச்சுக் கருவி பூண்டு நீரில் மூழ்கக் கற்றுக்கொடுக்கும் நிலையங்கள் பல இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் வங்காள இளைஞர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகளாக வந்து, 1950களில் இத்தீவில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரர். அவர் எங்களுக்கு இந்தியில் பாடம் சொன்னார். முகத்தை மூடும் கண்ணாடியை அணிவது, வாயில் கவ்வும் காற்றுச் சீராக்கியைப் பிடிப்பது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவது ஆகியவற்றை இடுப்பளவு நீரில் நிறுத்திக் கற்பித்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நீருக்குள் அதற்கு ‘நன்று’ என்பது பொருளன்று, ‘மேலே செல்வோம்’ என்பதே பொருள் என்றும் சொன்னார். ஒரே சைகை, நிலத்தில் ஒரு பொருளும் நீரில் வேறொரு பொருளும் தருவது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

கடலில் இறங்குமுன் ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். படிவங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே நாள்தோறும் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அதைப் படிப்பது கடினமாக இல்லை, நிரப்புவதுதான் கடினமாயிற்று. இதய நோய் உண்டா, காதில் அறுவை நடந்ததுண்டா என்னும் கேள்விகளுக்கு நடுவே, மூச்சிரைப்பு நோய் எப்போதேனும் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. எங்கள் நால்வருள் மூத்தவருக்கு, அதாவது இக்கட்டுரையை எழுதும் கைக்கு உரியவருக்கு, பன்னிரண்டு வயது வரையில் அந்நோய் இருந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளாக அது தலைகாட்டியதில்லை. ஆதலின் பேனா தானாகவே ‘இல்லை’ என்னும் கட்டத்தை நோக்கிச் சென்று குறியிட்டது. செலவழித்த பணமும், அரிதில் கிடைத்த விடுப்பும், அருகே நின்ற பிள்ளைகளின் முகமும் அப்பேனாவைத் தள்ளின என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சியாளர் படிவத்தை வாங்கிக்கொள்ளும் முன் மீண்டும் ஒருமுறை அந்த முதல் விதியைச் சொன்னார். ஏன் என்று மகள் கேட்டாள். அவர் சொன்ன மறுமொழி தமிழில் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: “கீழே இழுத்த காற்று, மேலே வரும்போது பெருக்கும். நீங்கள் வழி விடாவிட்டால், அது தானே வழி செய்துகொள்ளும்.” அவ்வளவுதான். நாங்கள் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. மருத்துவரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் இறக்குவதற்கில்லை என்று மட்டும் கூறினார். மற்ற மூவரும் அவருடனும் அவருடைய துணைவர்களுடனும் இறங்கினர். மூத்தவர், மிதப்புச் சட்டை அணிந்து, மூச்சுக் குழலை வாயில் கவ்வி, நீரின் மேல் குப்புற மிதந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் மூவரும் பவளப்பாறைகளின்மீது மெல்லச் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் விட்ட மூச்சுக் குமிழிகள் மேல்நோக்கி வந்தன. கீழே சிறு மணிகளாகப் புறப்பட்டவை, வர வரப் பெருத்து, மேலே வந்தபோது தட்டையான காளான்களைப் போல் விரிந்து உடைந்தன. காற்று பெருக்கும் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டியதில்லை. அக்குமிழிகளைக் கண்டுகொண்டிருந்தபோதுதான், நம் முத்துக்குளிப்போரின் நினைவு வந்தது. மூச்சை அடக்கிய அவர்களுக்கு ஏன் இந்தத் தீங்கு நேரவில்லை என்னும் கேள்வியும் எழுந்தது.

கொற்கை முத்தின் புகழைச் சங்க நூல்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்பயண நூல்’ என்னும் கிரேக்க ஏடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டது என்று கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாக எழுதியிருக்கிறார். பின்னர்ப் போர்த்துகீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இக்கடலின் உரிமையைக் கைக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் நடந்த குளிப்புகளில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. எஞ்சிய ஒரு பங்கே மூழ்கியவரிடமும் படகினரிடமும் சென்றது. ஆள்வோர் மாறினர், பங்கின் அளவு மாறியது. மூச்சு மட்டும் எப்போதும் மூழ்குபவனுடையதாகவே இருந்தது.

அவர்களுடைய கருவிகள் மிகச் சில. கயிற்றில் கட்டிய ஒரு கல். சிப்பியை இடுவதற்கு ஒரு வலைப்பை. மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு துணைவன். கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை நிறைய இழுத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவர். பத்து முதல் இருபது மீட்டர் ஆழம் வரையில் உள்ள பாரில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம், கைக்கு எட்டிய சிப்பிகளைத் திரட்டுவர். கயிற்றை அசைத்ததும் துணைவன் இழுத்து மேலேற்றுவான். ஒரு நாளில் இவ்வாறு பல முறை. செவிப்பறை கிழிந்தோர் அவர்களிடையே பலர். நம் மொழி இச்செயலுக்குத் தனியாக ஒரு கடுஞ்சொல்லைப் படைக்கவில்லை. முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்று, நாம் நாள்தோறும் செய்யும் குளித்தலையே அதற்குப் பெயராகத் தந்துவிட்டது. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கு இத்தனை எளிய சொல் அமைந்தது, அத்தொழில் அக்கரையில் எவ்வளவு பழகிப்போன ஒன்று என்பதைக் காட்டுகிறது.

மூச்சை அடக்கிய அவர்களுக்கு நுரையீரல் கிழியாத காரணம் எளிது. 1662-இல் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர், காற்றின்மேல் அழுத்தம் இரட்டித்தால் அதன் பருமன் பாதியாகும் என்னும் விதியை வெளியிட்டார். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிக்கிறது. முத்துக் குளிப்பவன் மேலே இழுத்துச் சென்ற மூச்சு, கீழே பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவை அடையும். அந்த அளவுக்குமேல் அது பெருக்க வழியில்லை. கருவி அணிந்தவன் நிலை வேறு. அவன் பத்து மீட்டர் ஆழத்தில், அவ்வாழத்தின் அழுத்தத்திற்கு ஒத்த செறிவுடைய காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காகப் பெருக்கும். நுரையீரல் அதற்கு இடங்கொடாது. ஓரிரு மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி எழுந்தவர்க்குக்கூட இதனால் உயிருக்குக் கேடு நேர்ந்ததுண்டு. மூச்சுக் குழல்கள் இறுகிக் காற்றை உள்ளேயே சிறைப்படுத்தும் மூச்சிரைப்பு நோயைப் பற்றிப் படிவம் கேட்பதும் இதனாலேதான். ஆகவே, மூச்சை எங்கே இழுத்தோம் என்பதே இரண்டு விதிகளையும் பிரிக்கும் எல்லைக் கோடு. கரையில் இழுத்த மூச்சை அடக்கலாம். ஆழத்தில் இழுத்த மூச்சை விட்டுக்கொண்டே வரவேண்டும்.

ஆழத்தில் மூச்சிழுக்க மனிதன் எப்போது கற்றான்? 1691-இல், வால்மீனால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி, மணி வடிவான பெரிய கூண்டொன்றைக் கடலில் இறக்கி, பீப்பாய்களில் அடைத்த காற்றை அதனுள் அனுப்பும் முறையைக் கண்டார். 1830களில், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய அகஸ்டஸ் சீபி என்பார், செம்பாலான தலைக்கவசத்தை நீர் புகாத உடையோடு இணைத்தார். மேலே படகிலிருந்து பம்பின் வழியாகக் காற்று வந்துகொண்டிருக்கும். 1782-இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளை 1839 முதல் இவ்வகை உடையணிந்தவர்கள் அகற்றினர். ஒரு நிமிடக் குளிப்பு, பல மணி நேர வேலையாக மாறியது. அத்துடன் புதியதொரு நோயும் வந்தது.

ராயல் ஜார்ஜில் வேலை செய்தோர் மூட்டுவலியால் அடிக்கடி துன்புற்றனர். குளிர்நீரால் வந்த வாதம் என்று அப்போது எண்ணினர். 1860களில் கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுப்போர் இந்த உடையை ஏற்றனர். முன்பு மூச்சடக்கி மூழ்கிய அவர்கள், இப்போது ஆழத்தில் நெடுநேரம் தங்கி மிகுதியான பஞ்சு எடுத்தனர். கலிம்னோஸ் போன்ற தீவுகளில் கைகால் முடங்கியோரும் இறந்தோரும் பெருகினர். ஆற்றுப் பாலங்களுக்கு அடித்தளம் இடுவதற்காக அழுத்தக் காற்று நிறைந்த அறைகளில் வேலை செய்தவர்களையும் அந்நோய் தாக்கியது. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் அதனால் படுக்கையில் விழுந்தார். 1883-இல் பாலம் திறக்கப்படும் வரையில், அவருடைய மனைவி எமிலியே கணவரின் கட்டளைகளை வேலையிடத்திற்கு எடுத்துச் சென்று பணியை நடத்திவைத்தார்.

நோயின் காரணத்தைத் தெளிவுபடுத்தியவர் பால் பெர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. காற்றழுத்தம் பற்றிய அவருடைய பெருநூல் 1878-இல் வெளிவந்தது. நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகுந்த இடத்தில் அது குருதியிலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், கரைந்தது குமிழிகளாக வெளிப்பட்டு, குருதியோட்டத்தை அடைக்கிறது. கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் நுரை பொங்குவதை நம்மில் பார்க்காதவர் யார்? மூடியிருந்த வரையில் தெளிவாகத் தோன்றிய நீரில் அத்தனை வாயு எங்கே ஒளிந்திருந்ததோ, அங்கேதான் நைட்ரஜனும் ஒளிந்திருக்கிறது. தூய பிராணவாயுவும் அழுத்தம் மிகுந்தால் நஞ்சாகும் என்பதையும் அவரே நிறுவினார். இன்று சுற்றுலாப் பயணிகள் முதுகில் சுமக்கும் உருளையை ‘ஆக்ஸிஜன் சிலிண்டர்’ என்று பலர் கூறுகின்றனர். அதில் பொதுவாக அடைக்கப்பட்டிருப்பது நாம் இழுக்கும் இதே காற்றுதான்.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் காண முப்பது ஆண்டுகள் சென்றன. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பார் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். மேலே வருவதை ஒரே மூச்சில் செய்யாமல், இடையிடையே நின்று நின்று வரவேண்டும் என்னும் கால அட்டவணையை அவரும் அவர் துணைவரும் 1908-இல் வெளியிட்டனர். இன்று மூழ்குவோர் கையில் கட்டியிருக்கும் சிறு கணிப்பொறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்வது அந்த அட்டவணையின் வழித்தோன்றலே.

இனி, கருவியின் கதைக்கு வருவோம். நாங்கள் சென்ற இடத்தில், புதியவர்கள் முதலில் இறங்கும் பவளத்திட்டுக்கு ‘நீமோ’ என்று பெயர். அது திரைப்படத்தில் வரும் மீனின் பெயர் என்றான் மகன். எங்களுக்கு நினைவு வந்தது ஜூல் வெர்ன் 1869-70-இல் எழுதிய கடலடிப் புதினத்தின் தலைவனான கேப்டன் நீமோ. அந்நீமோ மன்னார் வளைகுடாவின் முத்துப் பாரில் நடக்கிறான். அங்கே மூழ்கிய ஏழை இந்தியன் ஒருவனைச் சுறாவிடமிருந்து காத்து, ஒரு பை முத்தையும் அவன் கையில் தருகிறான். வெர்ன் பின்னர் எழுதிய மற்றொரு கதையில், நீமோவே புந்தேல்கண்டத்து இளவரசன் என்பது வெளியாகிறது. வெர்ன் தம் கற்பனைக்கு அடிப்படையாகக் கொண்ட மூச்சுக் கருவி கற்பனையன்று. சுரங்கப் பொறியாளரான பெனுவா ரூக்கேரோல், நச்சு வாயு நிறைந்த சுரங்கங்களில் உயிர் காக்க ஒரு சீராக்கியை அமைத்திருந்தார். தேவைப்படும்போது மட்டும், தேவையான அழுத்தத்தில் காற்றை விடுவது அது. 1864-இல் கடற்படை அதிகாரியான ஒகுஸ்த் தெனேருஸ் அதை நீர்மூழ்குவதற்கு ஏற்றதாக்கத் துணைபுரிந்தார். ஆயினும் காற்றைச் செறிவாக அடைக்கும் வலிய உருளைகள் அக்காலத்தில் இல்லாமையால், அக்கருவி மேலிருந்து வரும் குழாயை முற்றிலும் விட இயலவில்லை.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், போர்க்காலப் பற்றாக்குறை ஒன்று அதற்கு விடை தந்தது. ஜெர்மானியரின் பிடியில் இருந்த பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை எரிவாயுவால் ஓட்டுவதற்காக, எமில் காஞான் என்னும் பொறியாளர் ஒரு சிறு வால்வை அமைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரிடம் சென்று, கடலுக்குள் மூச்சிழுக்க ஒரு வழி கேட்டார். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் முதற்சோதனை நடந்தது. உடல் கிடைமட்டமாக இருந்தவரை கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாக ஓடியது. தலைகீழானால் இழுக்க முடியவில்லை. மூச்சு உள்ளே வரும் இடமும் வெளியே செல்லும் இடமும் நீரில் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்று கண்டு அதைத் திருத்தினர். அவ்வாண்டு ஜூன் மாதம் தெற்குக் கடற்கரையில் பந்தோல் என்னும் ஊரருகே கூஸ்தோ அதை அணிந்து இறங்கினார். அவருடைய மனைவி சிமோன், மூச்சுக் குழலுடன் மேலே மிதந்து அவரைக் கண்காணித்தார். வரலாற்று நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. மேலே மிதந்தவர்களுக்கு மட்டும் அந்த வரி சற்றே நீளமாகத் தோன்றும்.

வெற்றிக்கு விலையும் இருந்தது. 1947-இல் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மோரிஸ் ஃபார்க், 120 மீட்டர் ஆழத்தை எட்ட முயன்று உயிர் இழந்தார். மிகுந்த ஆழத்தில் நைட்ரஜன் கள்ளைப் போல் மயக்கம் தரும் என்பதை உலகம் இத்தகைய இழப்புகளால் அறிந்தது. கருவி கடைக்கு வந்துவிட்டது. அதை அணிவோர்க்குக் கற்றுக்கொடுக்க முறை வேண்டும் என்னும் உணர்வு அதன்பின் வலுத்தது. 1953-இல் பிரிட்டனில் மூழ்குவோர் கழகம் தோன்றியது. 1959-இல் மொனாக்கோவில் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. கூஸ்தோவே அதன் முதல் தலைவர். 1966-இல் அமெரிக்காவில் ஜான் குரோனினும் ரால்ஃப் எரிக்சனும் தொழிற்பயிற்சியாளர் சங்கமாகிய ‘பாடி’யைத் தொடங்கினர். விடுமுறையில் சென்ற சாதாரண மனிதரும் சில நாட்களில் கற்கும்படி பாடங்கள் வகுக்கப்பட்டன. முதன்முறை இறங்குவோர் பயிற்சியாளருடன் 12 மீட்டருக்குள் நிற்கவேண்டும். தொடக்கச் சான்றிதழ் பெற விரும்புவோர் 200 மீட்டர் நீந்தி, பத்து நிமிடம் மிதந்து காட்டவேண்டும். அதன்பின் 18 மீட்டர் வரை செல்லலாம் என்பன போன்ற எல்லைகள் இன்று கடற்கரைதோறும் வழங்குகின்றன.

நம் நாட்டில் இக்கருவி முதலில் விளையாட்டுக்காக அன்றி ஆராய்ச்சிக்காகவே பயன்பட்டது. 1947-இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், 1960களில் இதை அணிந்து தூத்துக்குடிக் கடலடியை ஆராய்ந்தனர். மூச்சடக்கியவர்கள் ஒரு நிமிடம் கண்ட பார்களை, மூச்சு விட்டுக்கொண்டே நெடுநேரம் கண்டு எழுதினர். அதே காலத்தில் பழைய தொழில் ஓய்ந்துகொண்டிருந்தது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது; பின்னர்ச் சிப்பிகள் பார்களில் போதிய அளவு பெருகவில்லை. 1973-இல் அந்நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். 1990களின் தொடக்கத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகாரின் கடற்பகுதியில் மூழ்கிப் பழஞ்சின்னங்களைத் தேடினர்.

இவ்வரலாற்றில் எங்கள் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. முத்துக்குளிப்பு நின்றபின்னும் சங்கு குளித்தல் நிற்கவில்லை. அண்மைக் காலத்தில் அத்தொழிலில் சிலர், படகில் காற்றழுத்தப் பொறியை ஓட்டி, அதிலிருந்து வரும் நீண்ட குழாயைக் கவ்விக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் இருக்கத் தொடங்கினர். மூச்சை அடக்கிய தந்தையின் மகன், ஆழத்தில் மூச்சிழுப்பவன் ஆனான். விதி மாறிவிட்டது, ஆனால் மாறிய விதியை அவனுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அருகில் இல்லை. விடுமுறைக்குச் சென்ற எங்களுக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்த பாடம் யாருடைய உடலிலிருந்து எழுதப்பட்டது? கிரேக்கப் பஞ்செடுப்போர், பாலத் தொழிலாளர், கப்பற் சிதைவில் வேலை செய்தோர் ஆகியோரின் முடங்கிய கைகால்களிலிருந்து. தொழிலாளர் விலை கொடுத்து வாங்கிய அறிவு சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கிறது; இன்றும் அதே தொழிலைச் செய்யும் தொழிலாளிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நம் கடமை அன்றோ? தூத்துக்குடியையும் கீழக்கரையையும் பிறந்த மண்ணாகக் கொண்ட நேயர் பலர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அந்தமானிலும் வாழ்கிறீர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கடலில் இறங்கும் உறவினரிடம் இரண்டு வாக்கியங்களையேனும் சொல்லிவிட்டு வரலாம்: குழாயைக் கவ்வி இறங்கியபின் மூச்சை அடக்காதே, மேலே வரும்போது விரையாதே.

பயணம் செல்லும் நேயர்க்கும் ஓர் எச்சரிக்கை. ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்த பின்னரே வானூர்தியில் ஏறவேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. வானில் அழுத்தம் குறையும். கோலி சோடாவின் கதை அங்கும் உண்டு. ஆகவே, தீவிலிருந்து திரும்பும் நாளன்று காலையில் கடலில் இறங்கத் திட்டமிடாதீர்கள். படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு உண்மையையே எழுதுங்கள். அவை உங்களைத் தடுப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. உங்களுக்கு முன் சென்றவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகள்.

அன்று நாற்பது நிமிடங்களுக்குப் பின் மூவரும் மெல்ல மேலே வந்தனர். மகன் கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் கேட்டது, “அப்பா, மேலேயிருந்து எங்களைப் பார்க்க முடிந்ததா?” என்பதுதான். பார்க்க முடிந்தது என்றோம். அவனுடைய மூச்சு ஒவ்வொன்றும் மேலே வந்து உடைந்ததை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தில்லிக்குத் திரும்பியபின், நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் எங்கள் மூத்தவரின் நுரையீரலை ஒரு குழாயில் ஊதச் செய்து சோதித்தார். மூச்சு தடையின்றி வெளியேறுகிறது என்று கடிதம் தந்தார். அக்கடிதம் இப்போது மேசை அறையில் அடுத்த விடுப்புக்காகக் காத்திருக்கிறது. அதுவரையில் ஒரு குறையும் இல்லை. மூச்சை அடக்கி முத்தெடுத்தவர்களின் மொழியைப் பேசுகிற நாம், மூச்சை விடவும் கற்றுக்கொள்ளச் சிறிது காலம் எடுத்துக்கொண்டால் தவறில்லை.